மாநில எல்லையில் நின்றுவிடும் வெள்ளக் கணக்கு

ஆண்டுதோறும் மழைக்காலம் வந்துவிட்டால் தில்லிவாசிகளின் நாவில் ஓர் எண் நடமாடத் தொடங்கிவிடும்: 205.33 மீட்டர். பழைய ரயில் பாலத்தருகே யமுனைக்குக் குறிக்கப்பட்டுள்ள அபாய அளவு அது. ஹரியாணாவின் ஹத்னிகுண்ட் தடுப்பணையிலிருந்து விநாடிக்கு எத்தனை கன அடி நீர் வெளியேறுகிறது என்பது மணிக்கு மணி அறிவிக்கப்படுகிறது. அந்த நீர் தலைநகரை எட்ட வழக்கமாக இரண்டு, மூன்று நாள்கள் பிடிக்கும் என்பதால் அதற்குள் கரையோரக் குடியிருப்புகளைக் காலி செய்ய முடிகிறது. மத்திய நீர் ஆணையம் வெள்ள முன்னறிவிப்புப் பணியை 1958-ஆம் ஆண்டில் தொடங்கியது இதே யமுனையில்தான். 2023 ஜூலையில் நதி 208.66 மீட்டர் வரை உயர்ந்தபோது, ஐ.டி.ஓ. தடுப்பணையின் 32 மதகுகளில் ஐந்து திறக்க முடியாமல் சிக்கிக்கொண்டன. யார் பொறுப்பு என்று தில்லியும் ஹரியாணாவும் மோதிக்கொண்டன. ஆனாலும், வெள்ளம் வருவதே தெரியாது என்று இரு தரப்பிலும் எவரும் வாதிடவில்லை.

திருப்பதிக்கும் சித்தூருக்கும் அந்த இரண்டு நாள் அவகாசத்தை இயற்கை அளிக்கவில்லை. சேஷாசலம் மலைச்சரிவிலும் அதன் மேற்கே உள்ள மேட்டுநிலங்களிலும் பிறக்கும் ஆறுகள் குறுகியவை, சரிவு மிகுந்தவை. தமிழ்ப் பக்தி மரபு பொன்முகலி என்று போற்றும் சுவர்ணமுகி, சந்திரகிரிப் பகுதியிலிருந்து திருப்பதியையும் காளத்தியையும் தொட்டு வங்கக் கடலை அடைய ஓடும் தொலைவு ஏறத்தாழ 130 கிலோமீட்டர்தான். ஆண்டின் பெரும்பகுதியில் மணல் மட்டுமே தெரியும் ஆறு அது. வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவாகிக் கரையைக் கடக்கும் ஓர் இரவில், மாலையில் நடந்து கடந்த ஆற்றை விடியலில் பாலத்தின் மீதும் கடக்க முடியாது. இப்படிப்பட்ட ஆறுகளில் நீர் வந்த பிறகு அளவுகோலைப் பார்த்துப் பயனில்லை. மழை நிலத்தில் விழுவதற்கு முன்பே, அது எங்கே விழும், எவ்வளவு ஓடும், எந்த ஊரை எந்த நேரத்தில் தொடும் என்று கணக்கிட்டாக வேண்டும். கணினி மாதிரிகள் கங்கைக்கும் கோதாவரிக்கும் தேவைப்படுவதைவிட இந்தச் சிற்றாறுகளுக்கே அதிகம் தேவைப்படுகின்றன. நமது முன்னுரிமையோ நேர்மாறாக இருக்கிறது.

2021-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தை நினைவுகூர்வது நல்லது. அம்மாதம் 14-ஆம் தேதி தென்மண்டலக் குழுவின் கூட்டம் திருப்பதியில் நடந்தது. மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா தலைமை வகித்தார். சென்னை மழை வெள்ளத்தில் தத்தளித்துக் கொண்டிருந்ததால் தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின் வரவில்லை, அமைச்சர் க. பொன்முடி கலந்துகொண்டார். தெலுங்கு கங்கைத் திட்டத்துக்காகத் தமிழகம் தர வேண்டிய நிலுவைத் தொகையை ஆந்திரம் எழுப்பியது. மாநிலங்களுக்கு இடையிலான சச்சரவுகளைப் பேசித் தீர்க்கவே இக்குழு இருக்கிறது. எனவே நிலுவையைப் பற்றிப் பேசியதில் குறைகாண இடமில்லை. ஆனால், அந்தக் கூட்டம் முடிந்த ஐந்தாம் நாள் அதே திருப்பதியின் தெருக்களில் வெள்ளம் புரண்டோடியது. திருமலைக்குச் செல்லும் மலைப்பாதைகள் மூடப்பட்டன, ஸ்ரீவாரி மெட்டு நடைபாதை சிதைந்தது, திருச்சானூர் அருகே ஆற்றங்கரை வீடுகள் சரிந்து விழுந்தன. ஒரு மாநிலத்தின் முதல்வர் வெள்ளத்தால் வர இயலாத கூட்டத்தில், அடுத்த வெள்ளத்தை இரு மாநிலங்களும் சேர்ந்து எதிர்கொள்வது எப்படி என்ற பேச்சு முதலிடம் பெற்றிருக்க வேண்டாமா?

பெரும் துயரம் நிகழ்ந்தது திருப்பதிக்கு வடமேற்கே, அன்றைய கடப்பா மாவட்டத்தின் ராஜம்பேட்டைப் பகுதியில். சித்தூர் மாவட்டத்து மேட்டுநிலங்களின் நீரைச் சுமந்து வரும் பாகுதாவும் பிஞ்சாவும் கூடி, பென்னையாற்றின் கிளையான செய்யேறு ஆகின்றன. செய்யேற்றின் மீது கட்டப்பட்டது அன்னமய்யா அணை. நவம்பர் 18 இரவு பெய்த பெருமழையில் மேலே பிஞ்சா அணையின் கரை உடைந்தது. அந்த நீரும் சேர்ந்து வர, 19-ஆம் தேதி விடியற்காலையில் அன்னமய்யா அணையின் மண்கரை அடித்துச் செல்லப்பட்டது. புலபத்தூர், மந்தபல்லி, தொகுருபேட்டை முதலிய கிராமங்கள் சிதைந்தன. நந்தலூர் அருகே அரசுப் பேருந்துகள் வெள்ளத்தில் சிக்கின. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. சென்னையையும் மும்பையையும் இணைக்கும் இருப்புப்பாதை நந்தலூருக்கும் ராஜம்பேட்டைக்கும் இடையே அறுந்தது. அதே நாளில் ஆந்திர அரசியலின் கவனமெல்லாம் சட்டப்பேரவையில் நடந்த வசைச் சண்டையிலும் எதிர்க்கட்சித் தலைவர் கண்ணீருடன் வெளியேறியதிலும் இருந்தது என்பதையும் இங்கே குறிப்பிடத்தான் வேண்டும்.

பின்னர் வந்த விளக்கங்கள் நமக்குப் பழக்கமானவை. அணையின் வழிந்தோடியால் விநாடிக்கு 2.17 லட்சம் கன அடி மட்டுமே வெளியேற்ற இயலும், வந்ததோ 3.20 லட்சம் கன அடி என்றது மாநில அரசு. ஐந்து மதகுகளில் ஒன்று இயங்கவில்லை, அதைச் சரிசெய்யாதது மாநிலத்தின் தவறு என்று மாநிலங்களவையில் சாடினார் அன்றைய ஜல் சக்தி அமைச்சர் கஜேந்திர சிங் ஷெகாவத். மாநில அமைச்சர்கள் அதை ஏற்கவில்லை. இயற்கையின் சீற்றம் என்று ஒரு தரப்பும் மனிதத் தவறு என்று மறுதரப்பும் சொல்லிவிட்டால் விவாதம் முடிந்துவிடுகிறது.

முடிந்துவிடக் கூடாது. அரசு தந்த எண்களையே எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடக் கணக்காக ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். வந்த நீருக்கும் வெளியேறக்கூடிய நீருக்கும் உள்ள வேறுபாடு விநாடிக்கு சுமார் ஒரு லட்சத்து மூவாயிரம் கன அடி. அணையின் கொள்ளளவு ஏறத்தாழ 2.2 டி.எம்.சி., அதாவது 220 கோடி கன அடி. அணை காலியாக இருந்திருந்தால் இந்த மிகை நீரை ஏறத்தாழ ஆறு மணி நேரம் அது தன்னுள் வாங்கி வைத்திருக்கும். ஒரு மதகு வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொண்டாலும் நான்கு மணி நேரம் கிடைத்திருக்கும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும் நீரை அவசரத்துக்கு வெளியேற்ற முடியாது என்பதால் உண்மையான அவகாசம் இதைவிடக் குறைவாகவே இருக்கும். அணை தப்பியிருக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆனால், உறங்கிக் கொண்டிருந்த மந்தபல்லியை எழுப்பி மேட்டுக்கு அனுப்ப அந்தச் சில மணி நேரம் போதும்.

அணையைக் காலியாக வைப்பது எப்படி? கீழே உள்ளவர்களைத் துன்புறுத்தாமல் விநாடிக்கு 50 ஆயிரம் கன அடி வீதம் திறந்தால் 2.2 டி.எம்.சி. நீரை வெளியேற்றப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். விடியலில் வரும் வெள்ளத்துக்கு முந்தைய நாள் பிற்பகலிலேயே மதகைத் தூக்க வேண்டும். அப்போது வானம் இருண்டிருக்கும், ஆற்றில் பெரிய வரத்து இருக்காது. வானிலைத் துறையின் கனமழை எச்சரிக்கை மட்டும் கையில் இருக்கும். ‘மாவட்டத்தில் அதிகனமழைக்கு வாய்ப்பு’ என்ற ஒற்றை வரியை நம்பி, ஏங்கி ஏங்கிச் சேர்த்த நீரைத் திறந்துவிட ராயலசீமையில் எந்தப் பொறியாளர் துணிவார்? மழை பொய்த்துப்போனால் விவசாயிகள் முற்றுகையிடுவார்கள், சட்டமன்ற உறுப்பினர் தொலைபேசியில் திட்டுவார், விசாரணைக் குறிப்பாணை வரும். திறக்காமல் விட்டு அணை உடைந்தாலோ ‘எதிர்பாராத பெருமழை’ என்று எழுதிவிடலாம். இப்போதுள்ள முறையில் காத்திருப்பதே அதிகாரிக்குப் பாதுகாப்பு. சென்னையில் 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து 29 ஆயிரம் கன அடி திறக்கப்பட்டு அடையாற்றங்கரை மூழ்கியதைத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை ‘மனிதரால் விளைந்த பேரிடர்’ என்று பின்னர் குறிப்பிட்டது நினைவிருக்கலாம். அங்கும் சிக்கல் இதுவே.

இந்த இடத்தில்தான் கணினி மாதிரி உதவிக்கு வருகிறது. ஏதோ மந்திரம் போல் அதைப் பேசுவோரும் உண்டு. வெறும் விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குவோரும் உண்டு. அதன் அடிப்படை பழையது, எளியது. ஓடும் நீர் காணாமல் போகாது, அதன் உந்தமும் கணக்கில்லாமல் மாறாது என்ற இரண்டு உண்மைகளை வைத்து, பிரெஞ்சுப் பொறியாளர் சான் வெனான் 1871-இல் வகுத்த சமன்பாடுகளே இன்றும் ஆற்று வெள்ளக் கணக்கின் உயிர். கையால் போட்டால் மாதக்கணக்கில் ஆகும் அதைக் கணினி சில நிமிடங்களில் முடிக்கிறது. பெய்யும் மழையில் எவ்வளவை நிலம் உறிஞ்சும், எவ்வளவு ஓடையில் இறங்கும் என்பது முதல் கணக்கு. ஓடை நீர் ஆற்றில் எப்படி நகரும் என்பது அடுத்தது. ஆறு கரைபுரண்டால் எந்தத் தெருவில் முழங்காலளவு, எந்தத் தெருவில் கழுத்தளவு என்பது கடைசி. இதற்கான மென்பொருளை அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படை பல்லாண்டுகளாக இலவசமாகவே வழங்கி வருகிறது. நம் நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் மாணவர்கள் அதைக் கொண்டு ஆய்வேடு எழுதிப் பட்டம் பெறுகிறார்கள். ஆக, இல்லாதது மென்பொருள் அல்ல.

உள்ளே இடவேண்டிய செய்திதான் இல்லை. சித்தூர் வட்டாரத்தின் தனித்தன்மை அங்குள்ள ஆயிரக்கணக்கான ஏரிகள். ஒன்றின் கலங்கல் வழியும் நீர் அடுத்ததற்கு, அது நிரம்பினால் அதற்கும் கீழே என்று சங்கிலியாக அமைந்தவை. ஐப்பசியின் முதல் மழையில் இந்த ஏரிகள் வெள்ளத்தைத் தடுத்து விழுங்கும். அனைத்தும் நிரம்பிவிட்ட பிறகு அதே அளவு மழை பெய்தால் விழுங்குவதற்கு இடமிருக்காது. எல்லாம் ஒரே நேரத்தில் வழியும். ஒன்று உடைந்தால் அடுத்ததும் தாங்காது. 2021 நவம்பரில் மாதத் தொடக்கத்திலிருந்தே மழை பெய்து நிலம் ஊறி ஏரிகள் தளும்பிக் கொண்டிருந்தன. மழையளவை மட்டும் வைத்துக்கொண்டு, ஏரிகள் எந்த நிலையில் உள்ளன என்பதைக் கேளாத எந்தக் கணினியும் அன்று தவறாகவே சொல்லியிருக்கும். வெள்ளத்துக்கு இரண்டு நாள்களுக்குப் பின் திருப்பதிக்கு அருகே ராமச்சந்திராபுரம் மண்டலத்திலுள்ள ராயலசெருவில் கரை கசியத் தொடங்கியது. விஜயநகர காலத்துப் பேரேரி என்று மக்கள் போற்றும் ஏரி அது. சுற்றுவட்டாரக் கிராமங்கள் இரவோடு இரவாகக் காலி செய்யப்பட்டன. மணல் மூட்டைகளை அடுக்கிக் கரையைக் காப்பாற்றினார்கள். உடைந்திருந்தால் நீர் எந்தெந்த ஊரை எத்தனை நிமிடத்தில் அடையும் என்று காட்டும் வரைபடம் கையிலிருந்தால், எந்த ஊரை முதலில் எழுப்புவது என்று அதிகாரிகள் ஊகிக்க வேண்டியிருக்காது.

ஏரிச் சங்கிலி அறுவது புதிதும் அன்று. 1903 நவம்பரில் மைசூர் சமஸ்தானத்து மேட்டு ஏரிகள் உடைந்து பாலாற்றில் வந்த பெருவெள்ளம் வாணியம்பாடியைச் சூறையாடியதை அந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. நூறாண்டுகளுக்கு மேலாகியும் ஏரிகளின் நீர்மட்டம் பெரும்பாலும் கரையில் நிற்பவரின் கண்ணளவில்தான் இருக்கிறது.

ஆற்றுப்படுகையின் கதையும் இதே. சுவர்ணமுகியில் ஆண்டாண்டாக மணல் அள்ளியதில் படுகை பள்ளமும் மேடுமாகிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் அளந்த குறுக்குவெட்டை வைத்துக் கணக்கிட்டால் இன்றைய ஆறு அதற்குக் கட்டுப்படாது. மணல் லாரிகளின் எண்ணிக்கையைத் தெரிந்துகொள்ள விரும்பாத ஓர் அரசு, ஆற்றின் உண்மையான ஆழத்தையும் தெரிந்துகொள்ள இயலாது.

இத்தனைக்கும் அறிவியலுக்கு இங்கே பஞ்சமில்லை, அதுதான் வேதனை. திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே பாகாலாவுக்கு அருகில் உள்ள கடங்கியில், விண்வெளித் துறையின் கீழ் இயங்கும் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1,024 அலைவாங்கிகளைக் கொண்ட அதன் ரேடார், தலைக்கு மேலே காற்று எத்திசையில் என்ன வேகத்தில் எழுகிறது, விழுகிறது என்று 1990-களிலிருந்து அளந்து வருகிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் மழை மேகங்களைக் கண்காணிக்கும் டாப்ளர் ரேடார் உண்டு. 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது சூலூர்பேட்டை வட்டாரம் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. நிலத்தின் மேடுபள்ளத்தை அளக்கும் கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோள் 2005 மே மாதத்திலும், மேகமூட்டத்தைத் தாண்டி வெள்ளப் பரப்பைப் படமெடுக்கும் இ.ஓ.எஸ்.-04 செயற்கைக்கோள் 2022 பிப்ரவரியிலும் அந்தக் கடற்கரையிலிருந்துதான் விண்ணுக்குச் சென்றன. காற்றை அளக்கும் கருவி ஒரு மூலையில், மழையை அளக்கும் கருவி மறுமூலையில், நிலத்தை அளந்த செயற்கைக்கோள் ஏறிய தளம் அருகில். நடுவே சுவர்ணமுகிக் கரையில் வீடு சரிகிறது. ஆந்திர அரசும் இத்துறையில் பின்தங்கியதன்று. அணைகளின் நீர்மட்டத்தை இணையத்தில் பொதுமக்கள் பார்க்கும் ஏற்பாட்டைப் பல மாநிலங்களுக்கு முன்பே செய்தது. துண்டு துண்டாக எல்லாம் இருக்கின்றன. சேர்த்துத் தைக்கும் நூல்தான் இல்லை.

அந்த நூல் மாநில எல்லையைத் தாண்ட வேண்டியிருக்கிறது. இது நம் தமிழக வாசகர்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம். வடக்கெல்லைப் போராட்டத்தின் விளைவாக, படாஸ்கர் பரிந்துரைப்படி 1960-இல் திருத்தணி தமிழகத்துடன் இணைந்தது. கிராமத்தை அலகாகக் கொண்டு, மொழியைப் பார்த்துக் கோடு கிழித்தார்கள். அரசியல் நியாயம் அதில் இருந்தது. ஆனால், ஆறுகள் எந்த மொழியும் பேசுவதில்லை. சித்தூர்ப் பக்கத்துக் கிருஷ்ணாபுரம் அணை நிரம்பினால் பள்ளிப்பட்டு, திருத்தணி வட்டாரத்தில் கொசஸ்தலை ஆறு பெருக்கெடுக்கிறது, பூண்டி நிரம்புகிறது, எண்ணூர் வரை அச்சம் பரவுகிறது. பிச்சாட்டூரில் மதகு திறந்தால் ஆரணி ஆறு பெருகி ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் மூழ்குவது நெடுங்காலம் வாடிக்கையாக இருந்தது. சித்தூர் மலைகளின் நீரைச் சுமந்து வரும் பொன்னையாறு 2021 வெள்ளத்தில் அரித்ததன் விளைவாக, அவ்வாண்டு டிசம்பரில் திருவலம் அருகே ரயில் பாலம் பழுதடைந்து, சென்னை - காட்பாடி மார்க்கத்தில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. பாலாற்றிலோ வாலாஜா அணைக்கட்டில் அவ்வாண்டு நவம்பரில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் பாய்ந்தது.

2015 வெள்ளத்துக்குப் பிறகு மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களும் மும்பை, சென்னை ஐ.ஐ.டி.க்களும் அண்ணா பல்கலைக்கழகமும் இணைந்து சென்னைக்கென ஒரு வெள்ள எச்சரிக்கை மாதிரியை உருவாக்கின. உலக வங்கியின் உதவியுடன் தமிழக அரசும் சென்னை வடிநிலத்துக்கு நிகழ்நேர முன்னறிவிப்பு ஏற்பாட்டில் இறங்கியது. நல்ல முயற்சிகள். ஆனால், ஒரு மாதிரி எத்துணை நுட்பமாக இருந்தாலும், எல்லைக்கு அப்பால் ஒரு பொறியாளர் எந்த மணிக்கு எந்த மதகைத் தூக்குவார் என்பதைச் சமன்பாட்டிலிருந்து வருவிக்க முடியாது. அதை அவர் சொல்ல வேண்டும். சொல்வதற்கு அவருக்கு மேலிட உத்தரவு வேண்டும்.

ஏன் சொல்லத் தயங்குகிறார்கள்? சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா படுகைகளின் நீரோட்ட விவரங்களைத்தான் மத்திய அரசு ரகசியமாக வைத்திருக்கிறது. தென்னக ஆறுகளுக்கு அந்தத் தடை இல்லை. தயக்கத்தின் வேர் நீதிமன்றத்தில் இருப்பதாகவே தோன்றுகிறது. பாலாற்றின் குறுக்கே கணேசபுரத்தில் அணை கட்ட ஆந்திரம் முற்பட்டதை எதிர்த்து 2006-இல் தமிழகம் உச்ச நீதிமன்றம் சென்றது. 1892 ஒப்பந்தம், தடுப்பணைகள், அவற்றின் உயரம் என்று வழக்கு நீள்கிறது. பாலாற்றில் இன்று இவ்வளவு நீர் ஓடியது என்று தமிழகம் ஏட்டில் பதிந்தால், ‘நீர்தான் வருகிறதே’ என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எடுத்துக்காட்டக் கூடும். ஏரிகளிலும் தடுப்பணைகளிலும் இவ்வளவு தேங்கியுள்ளது என்று ஆந்திரம் பதிந்தால், அதுவே அதற்கு எதிரான சாட்சியமாகக் கூடும். வறட்சிக் கால வழக்கை மனத்தில் வைத்து வெள்ளக் காலத் தகவலை மறைக்கிறோம். இரு மாநிலக் கட்சிகளும், அவை யாவாக இருந்தாலும், இதில் ஒரே நிலையில்தான் நிற்கின்றன.

முடியாத காரியம் என்று சொல்ல இடமில்லை. 1983-இல் எம்.ஜி.ஆரும் என்.டி. ராமராவும் முன்னின்று செய்துகொண்ட தெலுங்கு கங்கை உடன்பாட்டின்படி கண்டலேறு நீர் தமிழகத்துக்குள் நுழையும் ஊத்துக்கோட்டை அருகிலுள்ள ‘ஜீரோ பாயின்ட்’டில் வரும் நீரை விநாடிக்கு இத்தனை கன அடி என்று அளக்கிறார்கள். ஒவ்வொரு டி.எம்.சி.க்கும் கணக்கு இருக்கிறது, அதற்குப் பணம் இருக்கிறது. கேட்டு வாங்கும் நீருக்குக் காட்டும் அக்கறையைக் கேளாமல் வரும் நீருக்கும் காட்டலாமே!

சட்டங்களுக்கும் குறைவில்லை. மாநிலங்களுக்கு இடையே ஓடும் நதிகளுக்காக 1956-இல் நதி வாரியங்கள் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் ஒரு வாரியம்கூட அமைக்கப்படவில்லை. அன்னமய்யா அணை உடைந்த இரண்டு வாரத்தில், 2021 டிசம்பர் 2 அன்று, அணைப் பாதுகாப்பு மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. மாநில உரிமையில் தலையீடு என்று தமிழகக் கட்சிகள் எதிர்த்தன. அந்த அச்சத்தில் நியாயம் உண்டு; முல்லைப் பெரியாறு போன்ற அணைகளை வைத்திருக்கும் மாநிலம் எச்சரிக்கையாக இருப்பது இயல்பே. ஆயினும் அச்சட்டத்தின் ஓர் அம்சம் கவனத்துக்குரியது. ஒவ்வோர் அணைக்கும், அது உடைந்தால் எந்தப் பகுதி மூழ்கும் என்று கணக்கிட்டு நெருக்கடிச் செயல்திட்டம் தயாரிக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள அணைகளுக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2021 டிசம்பர் 30-இலிருந்து ஐந்தாண்டு அவகாசம். பத்து மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள கரைகள் சட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை. சித்தூர் ஏரிகளில் பெரும்பாலானவை இதனால் விடுபட்டுவிடும். மனிதர்களை அடித்துச் செல்லும் நீர், கரையின் உயரத்தை அளந்து பார்த்துவிட்டு வருவதில்லை.

நதி வாரியம், தீர்ப்பாயம் என்றெல்லாம் பெரிய பெயர்கள் வேண்டியதில்லை. சுவர்ணமுகி, செய்யேறு, ஆரணி ஆறு, கொசஸ்தலை, பொன்னை, பாலாறு ஆகியவற்றுக்கு ஒரே கணக்குக்கூடம் போதும். கடங்கி ஆய்வுக்கூடம், வானிலைத் துறை, மத்திய நீர் ஆணையம், இரு மாநில நீர்வளத் துறைகள், பாலாற்றின் தலைப்பகுதியைக் கொண்ட கர்நாடகம் ஆகியவை அதில் அமர வேண்டும். அங்கே பதியப்படும் வெள்ளக் கால விவரங்கள் எந்த நதிநீர் வழக்கிலும் சாட்சியமாக ஏற்கப்படா என்று மூன்று மாநிலங்களும் முதலில் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். இது இல்லாமல் மற்றவை நடக்கும் என்று தோன்றவில்லை. கூடம் தரும் முன்னறிவிப்பை நம்பி மதகைத் திறந்த பொறியாளர்மீது, மழை பொய்த்துப்போனாலும் நடவடிக்கை இல்லை என்ற அரசாணையும், அப்படி வீணான நீருக்கு ஆயக்கட்டு விவசாயிகளுக்கு இழப்பீடும் வேண்டும். ஒரு சில ஆண்டுகளில் கணக்கு பிசகத்தான் செய்யும். வானிலை மாதிரியில் மழை முப்பது கிலோமீட்டர் தள்ளி விழுந்தால் சுவர்ணமுகியின் வெள்ளம் செய்யேற்றுக்குப் போய்விடும். அதனால்தான் ஒற்றை எண்ணாகச் சொல்லாமல், பத்து வகையாகக் கணக்கிட்டு, அவற்றில் எத்தனை அணையை மீறுகின்றன என்று சொல்லும் முறையை உலகெங்கும் கைக்கொள்கிறார்கள். பத்தில் ஆறு மீறினால் மதகைத் தூக்கு என்று முன்கூட்டியே விதி எழுதிவிட்டால், நள்ளிரவில் ஒரு தனி மனிதர் தலையில் அந்த முடிவு விழாது.

தேசிய நீரியல் திட்டத்துக்கு 2016-இல் சுமார் 3,680 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதோடு ஒப்பிட்டால், சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் முக்கிய ஏரிகளில் தானியங்கி நீர்மட்டக் கருவிகளைப் பொருத்தும் செலவு மிகச் சிறியதாகவே இருக்கும். அரசியல் சூழலும் சாதகமாகவே அமைந்தது. 2024 ஜூனில் மீண்டும் ஆந்திர முதல்வரான சந்திரபாபு நாயுடு சந்திரகிரி அருகே நாராவாரிபல்லியில் பிறந்தவர். அவரது தொகுதியான குப்பம் வழியாகத்தான் பாலாறு தமிழகத்துக்குள் நுழைகிறது. அவரது கட்சியின் ஆதரவு மத்திய ஆட்சிக்குத் தேவைப்படுகிறது. தமிழகத்தில் யார் ஆட்சியில் இருந்தாலும் பாலாற்று வழக்கை விட்டுக்கொடுக்கச் சொல்ல முடியாது. விட்டுக்கொடுக்க வேண்டியதும் இல்லை. தென்மண்டலக் குழுவின் நிகழ்ச்சிநிரலில் வழக்கு ஓர் இனமாகவும், வெள்ளத் தகவல் தனியொரு இனமாகவும் இருக்கட்டும். இரண்டையும் ஒரே கோப்பில் கட்டி வைத்திருப்பதை முதலில் பிரிக்க வேண்டும்.

கிருஷ்ணாபுரம் அணை திறக்கப்பட்டால் இன்றும் பள்ளிப்பட்டுப் பகுதியில் வருவாய்த் துறையினர் ஒலிபெருக்கியில் சொல்லி, ஆற்றில் இறங்க வேண்டாம் என்று எச்சரிக்கிறார்கள். அந்த முறை கிராமத்துக்குப் பொருத்தமானது; அதை மாற்ற வேண்டியதில்லை. எத்தனை மணிக்கு, எந்தப் பாலம் வரை, எவ்வளவு உயரத்துக்கு நீர் வரும் என்ற மூன்று விவரங்களைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி, ஒலிபெருக்கியில் சொல்கிறவரின் கையில் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.